கோயமுத்தூரில் ஒரு தடவையாவது திட்டு வாங்குங்கள்

பல்லடத்துக் கோழிப்பண்ணையை விட்டுக் கிளம்பி, கோயமுத்தூர் இருக்கும் திசையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு லுங்கி, இரண்டு சட்டை, எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கோழி வாசம். பண்ணையில் தீவன மூட்டைகளின் மேல்தான் படுக்கை. ஒரு பக்கம் எலிகள், ஒரு பக்கம் நான். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எலிகள் எனக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவை.

யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரே இடத்தில் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் சேர்ந்தாற்போல இருந்துவிட்டால் எனக்குக் கால் அரிக்க ஆரம்பித்துவிடும், அவ்வளவுதான். கருமத்தம்பட்டியில் தறிப்பட்டறை, அந்தியூரில் சந்தைக் குதிரைகளுக்குக் கொள்ளு வைக்கிற வேலை என்று அதுவரை பார்த்த எல்லாவற்றையும் அப்படித்தான் விட்டேன். ஏழாம் வகுப்பையும் அப்படித்தான் விட்டேன். (ஏழாம் வகுப்புதான் என்னை விட்டது என்று கணக்கு வாத்தியார் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். அவருக்கு என்மேல் எப்போதும் ஒரு கண்.)

காரணம்பேட்டை தாண்டியதும் ஒரு வேன் பக்கத்தில் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் தலையை நீட்டினார்.

"ஏம்ப்பா, கோயமுத்தூருக்கு இதே ரோடுதானே?"

"இதேதானுங்க. நானும் அங்கதான் போறனுங்க" என்றேன். பாதி பதில், பாதி விண்ணப்பம்.

ஏற்றிக்கொண்டார்கள். அவர் பெயர் சிங்காரம். தஞ்சாவூரிலிருந்து ஆட்களைத் திரட்டி ஊட்டிக்குச் சுற்றுலா நடத்துகிறவர். வழியில் திருப்பூருக்குப் போய் எல்லோருக்கும் ஸ்வெட்டர் வாங்கி, பின்பக்கம் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். எனக்கு அருகில் இருந்தவர் பங்கஜம் டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என்னை மோந்து பார்த்துவிட்டு ஜன்னலை மெதுவாகத் திறந்தார். நல்ல மனுஷி.

பேச்சுவாக்கில் சிங்காரம் வேலைக் கதையை எடுத்தார். இந்தப் பக்கம் மாதம் இரண்டு தடவை வண்டி வரும், ஊர் தெரிந்த ஆள் ஒருவன் கூடவே இருந்தால் தேவலை என்றார். தங்க இடம், சாப்பாடு, சம்பளம். அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது என்பதே முடிவாகாத எனக்கு, ஊர் ஊராகச் சுற்றுவதற்கே சம்பளம் என்பது சாமி நேரில் வந்து வரம் கேட்கச் சொன்ன மாதிரி இருந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார் சிங்காரம். "எங்க ஊர்ல பெரிய கோயில் இருக்கு. உங்க ஊர்ல என்ன இருக்கு? வர்றவங்க கட்டாயம் அனுபவிக்கணும்னு ஒண்ணே ஒண்ணு காட்டு. எங்க ஆளுங்களுக்குப் பிடிச்சிருந்தா, நாளைக்குக் காலையில ஊட்டிக்கு நீயும் வர்றே."

இப்போது வேலை மட்டுமல்ல, கோயமுத்தூரின் மானமும் என் கையில். மருதமலை, பேரூர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தஞ்சாவூர்க்காரரிடம் கோயிலைக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

"காளானுங்க" என்றேன்.

"மழைக்கு முளைக்குமே, அதுவா?"

"இது சாயங்காலத்துக்கு முளைக்கறதுங்க."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர் ரோட்டோரக் காளானில் காளான் கொஞ்சம், முட்டைக்கோசு நிறைய. உருட்டிப் பொரித்து, பெரிய தோசைக்கல்லில் மசாலாவோடு போட்டு, தட்டைக் கரண்டியால் டக் டக்கென்று கொத்தி, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். தட்டை வாங்கி, நின்றபடி, மூக்கு ஒழுகத் தின்ன வேண்டும். உட்கார்ந்து தின்றால் அது வேறு பலகாரம்.

சிங்காநல்லூரில், குளத்துப் பக்கமாக இறங்கும் ஒரு தெருவில், மல்லிகா அக்காவின் தள்ளுவண்டி. வேன் தெருவின் அடியில் நின்றது. குளிர்காற்று வரட்டும் என்று பின்கதவைத் திறந்து வைத்தார்கள். நான் எல்லோருக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி மேட்டுக்கு நடந்தேன்.

"வாங்க தம்பி, வாங்க! நல்லாருக்கீங்களா?" என்றார் அக்கா.

"பார்த்தீங்களா, நமக்கு ரொம்பப் பழக்கம்" என்றேன் சிங்காரத்திடம். (அக்கா என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. வழி கேட்க வந்தவனிடம்கூட அவர் நல்லாருக்கீங்களா என்றுதான் கேட்பார். கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த நானே அதில் ஏமாந்தேன் என்றால், பாருங்கள்.)

அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்று நான் ஊட்டியில் இருந்திருப்பேன். பழக்கம் என்று சொல்லியாகிவிட்டதே, நிரூபிக்க வேண்டாமா? கையை நீட்டினேன்.

"அக்கா, கரண்டியைக் குடுங்க. நான் கொத்தறேன்."

"வேண்டாமுங்க தம்பி, கை சுட்டுப்போடும்."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்குப் போனால் எடுத்த எடுப்பில் சரி என்று சொல்லமாட்டோம். இலையில் சோறு போட வந்தால் வேண்டாமுங்க, மறுபடி வந்தால் அய்யோ போதுமுங்க, மூன்றாவது தடவைதான் இலையை மறைத்த கை ஒதுங்கும். அதனால் யாராவது வேண்டாம் என்றால் எங்களுக்கு அது காதில் விழுந்த மாதிரியே இருக்காது.

"அட, குடுங்கக்கா."

"அய்யோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

மூன்றாவது தடவை நான் கேட்கவே இல்லை. பிடுங்கிக்கொண்டேன்.

டக் டக் டக். தஞ்சாவூர் மொத்தமும் என்னையே பார்த்தது. உற்சாகம் தலைக்கேறி, இன்னும் வேகமாகக் கொத்துவதற்காக ஒரு காலை முன்னால் ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த அரைச் செங்கல் ஒன்று இருந்தது. அது நகர்ந்தது. பிறகு வண்டி நகர்ந்தது.

வேறு ஊராக இருந்தால் "ஐயோ, பிடி, பிடி" என்று கத்தியிருப்பார்கள். பக்கத்துப் பூக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏனுங்க, உங்க வண்டி போகுதுங்க" என்றார்.

மல்லிகா அக்கா மட்டும் ஓடி வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை, ஓடிக்கொண்டே கேஸைத் திருகி அணைத்தார். நான் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் வண்டியின் கைப்பிடியுமாக, அதை நிறுத்துகிறேனா, அதோடு போகிறேனா என்று தெரியாமல் சரிவில் இறங்கினேன். ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள், தேருக்கு விடுவதைப் போல. கடைசியில் வண்டி வேனின் பின்பக்கம் போய் முட்டி நின்றது. தோசைக்கல் நிற்கவில்லை. திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போய், அத்தனை ஸ்வெட்டர்களின் மேலும் அத்தனை காளானையும் பரிமாறியது.

யாருக்கும் அடி இல்லை. என் மணிக்கட்டில் மட்டும் ஒரு சூடு. தழும்பு இன்றும் இருக்கிறது.

சிங்காரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "டேய், அறிவுகெட்ட நாயே! உன்னை வண்டியில ஏத்தினேன் பாரு..."

"ஏனுங்க" என்று குறுக்கே வந்தார் மல்லிகா அக்கா. மூச்சு வாங்கியது. அன்றைய வியாபாரமே ஸ்வெட்டரின் மேல் கிடந்தது. "என்னுங்க இது, டேய் கீய்னுட்டு? திட்டோணும்னா மரியாதையாத் திட்டுங்க."

பிறகு என் பக்கம் திரும்பி எப்படி என்று செய்தே காட்டினார்.

"ஏனுங்க தம்பி, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணைச் சாமி வெச்சாருங்களா, இல்லீங்க, மறந்துபோட்டாருங்களா? வேண்டாமுங்க வேண்டாமுங்கன்னு ஒரு பொம்பள கத்தறனே, காதுல என்னுங்க, பஞ்சுங்களா? எருமைகூடச் சொன்னா நிக்குமுங்க. நீங்க எருமைக்கும் ஒரு படி மேலயாட்ட இருக்குதுங்களே!"

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர் வந்து என்னை மோந்து பார்த்தார். "கோழிப்பண்ணையில இருந்தா வாரீங்க? அங்க கோழியெல்லாம் உசுரோட இருக்குதுங்களா?"

"தம்பி கெளம்பின பொறகு நிம்மதியா முட்டை போடுமுங்க" என்றார் பூக்கடைக்காரர்.

தெருவே முறை வைத்துத் திட்டியது. நான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றேன். அப்போது விக்கல் மாதிரி ஒரு சத்தம். பங்கஜம் டீச்சர். வேனைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிங்காரம், எங்க ஊர்ல விருந்துக்குத்தான் இலை போடுவாங்க. இவங்க திட்டறதுக்கே இலை போட்டுப் பரிமாறுறாங்கப்பா! அம்மா, அந்த எருமை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

அக்கா இன்னொரு தடவை சொன்னார்.

அதற்குள் இஸ்திரிக் கடைக்காரர் ஸ்வெட்டர்களை யாரையும் கேட்காமல் அள்ளிக்கொண்டு போனார். விடிவதற்குள் அலசிக் காயவைத்துத் தருவதாகச் சொன்னார். எதிர்வரிசைக் காளான் கடைக்காரர் தஞ்சாவூர் ஆட்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு நிறுத்தித் தட்டைக் கொடுத்தார். நின்றபடி, மூக்கு ஒழுகத் தின்றார்கள். கோயமுத்தூரின் மானம் காப்பாற்றப்பட்டது. அதில் எனக்கு இன்றுவரை கர்வம்தான்.

என் வேலைதான் காப்பாற்றப்படவில்லை. "ஊரு பிடிச்சிருக்கு தம்பி" என்றார் சிங்காரம். அந்தத் தெருவில் நின்றதில் அவருக்கும் கொஞ்சம் மரியாதை ஒட்டிக்கொண்டிருந்தது. "ஆனா நாங்க போறது ஊட்டி மலைப்பாதை. வண்டிக்குப் பக்கத்துலயே நீ வரக்கூடாது."

வேன் ராத்திரி தங்கும் இடத்துக்குப் போனது. நான் தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா எதிர்க்கடையிலிருந்து ஒரு தட்டோடு வந்தார்.

"சாப்பிடறீங்களா?"

"இல்லீங்கக்கா, வேண்டாமுங்க."

"சும்மா சாப்பிடுங்க."

"அய்யோ, பசியே இல்லீங்க." காலையிலிருந்து தண்ணீர்தான்.

"தின்னு கண்ணு."

தட்டை வாங்கிக்கொண்டேன். நான் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காத்தால முட்டைக்கோசு அரியறதுக்கு ஒரு ஆள் வேணுமுங்க. வாரீங்களா?" என்றார்.

"வாரனுங்க" என்றேன். கொங்கு நாட்டில் முதல் தடவை கேட்டதுமே சரி என்று சொன்னவன் அநேகமாக நான்தான்.

கால் அரிப்பு பிறகு வரவே இல்லை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் என் மனைவி அந்தத் தெருவுக்குத்தான் கூட்டிக்கொண்டு போகிறாள். "எங்க ஊட்டுக்காரரு வேலைக்குச் சேர்றதுக்கு வண்டியோடவே ஓடினவருங்க" என்று ஆரம்பிப்பாள். மல்லிகா அக்கா எருமையைச் சொல்லி முடித்து வைப்பார். விருந்தாளி கைதட்டுவார்.

வண்டி ஓடிய மறுநாள் விடிந்ததும் கத்தியைக் கேட்டு அக்காவின் முன்னால் போய் நின்றேன். கத்தியைத் தரவில்லை. ஒரு சாக்குப்பையைத் தந்தார். என் முதல் வேலை, குளத்துக்கரைக்குப் போய், வண்டியின் நாலு சக்கரத்துக்கும், என் காலுக்கு அசையாத மாதிரி, நாலு பெரிய கல்லாகப் பார்த்து எடுத்து வருவது.