அம்மனிடம் பூ கேட்டோம்

இனிமேல் என் வீட்டில் நான் எந்த முடிவும் எடுப்பதில்லை என்று போன வாரம் தீர்மானம் போட்டேன். அவசரப்பட்டுப் பரிதாபப்படாதீர்கள். முடிவெடுக்கிற பொறுப்பை அம்மன் தலையில் கட்டிவிட்டு, அம்மனுக்குப் பதிலாக நான் முடிவெடுப்பது என்று தீர்மானம்.

விவகாரம் இதுதான். வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஏசி போட்ட ஓர் அறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் அங்கேதான் வியாபார யோசனை செய்வேன். அந்த யோசனை கீழ்வரைக்கும் குறட்டையாகக் கேட்கிறது என்பாள் என் மனைவி கோமளா. பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் டெய்லர் அவள். அந்த அறையில் நாலு மிசின் போட்டுச் சொந்த யூனிட் நடத்த வேண்டுமாம்.

"அடுத்தவன் மிசினுக்கே ஆயுசு பூரா எண்ண ஊத்துறதுங்களா?"

"அப்ப நான் எங்க யோசிக்கறது?"

"கீழ யோசிங்க. பாய் போட்டுத் தர்றேன்."

கூடாது என்று மூன்று மாதம் கத்தினேன். ஓட்டை விழுந்த பனியனை "காத்தோட்டமான ரகம்" என்று விற்ற வாய் இது. ஆனால் கோமளா எதிர்த்துப் பேசவில்லை. குழம்புதான் பேசியது. உப்பில்லாமல்.

அப்போதுதான் சத்தியமங்கலம் காட்டுக்குள் இருக்கிற கல்வனத்தம்மன் ஞாபகம் வந்தது. பழைய கற்கோயில். அங்கே பூ கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்துப் பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். அதுதான் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

"வெள்ளை வந்தா மிசின் போட்டுக்க. செவப்பு வந்தா இந்தப் பேச்சே ஊட்டுக்குள்ள வரக்கூடாது. சம்மதமா அம்முணி?"

"செரீங்க மாமா. அம்மன் சொன்னா ரெண்டு பேருமே கேக்கோணும்."

"பூ வாங்கிப் பொட்டலம் கட்டறது என் பொறுப்பு."

"நீங்க எதுக்குங்க சிரமப்படறீங்க?"

"சாமி காரியத்துக்குச் சிரமம் பார்ப்பாங்களா?"

காலையில் எழுந்ததும் கடைவீதிக்கு ஓடி, பூக்காரி பொன்னாத்தாளிடம் செவ்வரளி வாங்கினேன். வெள்ளையா? அது எதற்கு? இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியே வைத்து, வாழையிலையில் சுருட்டி, நூல் கட்டினேன். அம்மன் எதைக் கொடுத்தாலும் மாடி எனக்கு. இதற்குத்தான் தொழில் தெரிந்தவன் பேக்கிங் செய்ய வேண்டும் என்பது.

செக்போஸ்டுக்கு அப்பால் சொந்த வண்டி போகாது. ஜீப்தான். டிரைவர் நல்லான் சொன்ன வாடகையைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏப்பா, காட்டையே எழுதித் தர்றியா? பாதிக்கு வா."

"வர்றனுங்க சாமி. பாதி வழில எறக்கி உட்டர்றேன். அங்கிருந்து யானை சும்மாவே கூட்டிட்டுப் போகும்."

அரை மணி நேரம் கத்தினேன். பத்து ரூபாய் குறைத்தான். வெற்றி! திரும்பிப் பார்த்தால் கோமளா எப்போதோ ஜீப்பில் ஏறி, பாதி முறுக்கும் தின்றிருந்தாள்.

மூங்கில் காட்டுக்கு நடுவே கோயில். தூணெல்லாம் பாசி. சுவரெல்லாம் கல்வெட்டு. ஏதோ ஒரு ராஜா கோயிலுக்கு நிலம் எழுதி வைத்திருப்பதாகப் பூசாரி சொன்னார். ராணியைக் கேட்டுத்தான் எழுதியிருப்பான்.

பொட்டலங்களை நானே பவ்யமாகக் கொடுத்தேன். பூசாரி அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார்.

"வேண்டுதல வாய்விட்டுச் சொல்லுங்க."

நான் தொண்டையைச் செருமுவதற்குள் கோமளா கைகூப்பிக் கணீரென்று ஆரம்பித்துவிட்டாள்.

"ஆத்தா! வெள்ளை வந்தா இந்தப் பேச்ச இத்தோட உட்டர்றேன். செவப்பு வந்தா மாடில நாலு மிசினும் ஓடோணும்!"

வீட்டில் பேசியதற்கு நேர் தலைகீழ்! பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பிறகு என்ன, செவ்வரளி சிரித்தது.

"செல்லாது!" என்று கத்தினேன். கோபுரத்துக் குரங்குகள் மூங்கிலுக்குத் தாவின. "ஊட்டுல பேசுனது வேற! வாக்க மாத்திப்போட்டா!"

"ஊட்டுல பேசறது பேச்சுங்க. அம்மனுக்கு முன்னால சொல்றதுதான் வாக்கு" என்றார் பூசாரி. நல்ல மனுஷர். என் மனக்குறையையும் தீர்க்கப் பார்த்தார். "சந்தேகத்தோட போகாதீங்க. இன்னொரு பொட்டலத்தையும் பிரிக்கறேன். வெள்ளைய உங்க கண்ணாலயே பாத்துக்கங்க."

அவர் கை பொட்டலத்துக்குப் போய்விட்டது.

"வேண்டாம்! வேண்டாமுங்க!" பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். "அம்மன் சொன்னா சொன்னதுதான்!" இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டேன். அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

"எங்க மாமாவுக்குப் பக்தி சாஸ்திங்க" என்றாள் கோமளா, திருநீற்றை எடுத்து என் நெற்றி நிறையப் பூசிக்கொண்டே.

திரும்பும்போது ஜீப் குலுங்கியது. நல்லான் காதில் விழாமல் மெதுவாகக் கேட்டேன்.

"உனக்கு எப்படிப் புள்ள தெரிஞ்சுது?"

"பொன்னாத்தா காலைலயே போன் பண்ணிப்போட்டாளுங்க. 'ஏனுங்கக்கா, உங்கூட்டுக்காரருக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா? அள்ளுனது பூராச் செவ்வரளி, அதையும் சொன்ன வெலைக்கே வாங்கிட்டுப் போறாரு!'ன்னு ஒரே அழுகை."