மூன்றாம் மாடியில் மக்கள் கருத்து

ஒரு நகரம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை, அது தரையைவிட்டு எவ்வளவு உயரம் போயிருக்கிறது என்பதைக் கொண்டே அறிஞர்கள் அளக்கிறார்கள். அந்த வகையில் சென்னை வெகு உயரத்தில் இருக்கிறது. கார்கள் மேம்பாலத்தில் போகின்றன. ரயில்கள் தூண்களின் மேல் போகின்றன. மழை வந்தால் வேளச்சேரிக்காரர்கள் காரைப் பாலத்தின் மேல் ஏற்றிவிட்டு, தாங்கள் மட்டும் தண்ணீருக்குள் திரும்பி வருகிறார்கள். பிடிவாதமாக இன்னும் தரையில் நடந்துகொண்டிருப்பவர்கள் மக்கள்தான். அவர்களையும் மேலே தூக்கிவிடும் உன்னத நோக்கத்துடன் அமைக்கப்பட்டது, 'மயிலாப்பூர்–அடையாறு இலகு ரயில் மக்கள் கருத்தறியும் குழு'.

இலகு ரயில் என்பது இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட சின்ன ரயில். அதைச் சாலையிலேயே தண்டவாளம் பதித்து ஓட்டி, பஸ்ஸைப் போல நடைபாதை ஓரமாக நிறுத்தலாம். அல்லது தூண் எழுப்பி மூன்று மாடி உயரத்தில் ஓடவிடலாம். இரண்டையும் குழு 'சம நோக்கோடு' ஆராய்ந்தது. தூண் ரயிலுக்கு வழவழப்பான தாளில் தடித்த புத்தகம் போட்டார்கள். அதன் படங்களில் மந்தைவெளி முழுக்க செர்ரிப் பூ பூத்திருந்தது. கோட்டு அணிந்த வெள்ளைக்காரர்கள் தூணடியில் நாயுடன் உலாவினார்கள். சாலை ரயிலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினார்கள். அதை எழுதியவன் செந்தில்குமார்.

செந்தில்குமார் ஆலோசனை நிறுவனத்தின் இளநிலைப் பொறியாளன். அந்த அரைப் பக்கமே அவன் துக்கத்துக்குக் காட்டிய சலுகை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். போன வருடம் அடையாற்றில் சாலையைக் கடக்கும்போது அவன் மனைவி நிஷா பஸ் மோதி இறந்துபோனாள். தலைக்கு மேலே நடைமேம்பாலம் இருந்தது. அதன் எஸ்கலேட்டர் ஓடவில்லை. அவளுக்கோ அன்று கணுக்காலில் சுளுக்கு, படி ஏற முடியவில்லை. அவ்வளவுதான். அரைப் பக்கத்தின் கடைசியில் அவன் ஒரு வரி சேர்த்திருந்தான்: அந்த இடத்தில் ரயில் சாலையிலேயே நிற்க வேண்டும், மக்கள் கடக்க சிக்னல் வேண்டும். அந்த வரி அறிக்கையில் தங்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு இப்போது ஆசை என்று எதுவும் இல்லை.

கருத்தறியும் கூட்டம் அதே நடைமேம்பாலத்தை ஒட்டிய கல்யாண மண்டபத்தில் நடந்தது. கீழ்த்தளத்தில் யாருக்கோ வளைகாப்பு. ஆகவே மக்களுக்கு மூன்றாம் மாடி. லிஃப்டில் 'தற்காலிகப் பழுது' என்று பலகை தொங்கியது. லேமினேட் செய்திருந்தார்கள்.

குழுத் தலைவர் அசோகன் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். வெளியே நின்ற நடைமேம்பாலம் அவர் வடிவமைத்தது. ஒவ்வொரு படித் திருப்பத்திலும் நின்று, சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைப் பக்தியோடு தரிசித்து, மூச்சு வந்த பிறகு அடுத்த பிள்ளையாருக்கு ஏறினார். மேலே வந்ததும் மக்கள் எங்கே என்று கேட்டார். பாதிப் பேர் ஏற முடியாமல் கீழே நிற்பதாகச் செந்தில்குமார் சொன்னான்.

"ஆர்வம் இல்லைன்னு எடுத்துக்கலாமா?" என்றார் அசோகன்.

செந்தில்குமார் கீழே போனான். படிக்கட்டின் அடியில் சொர்ணம் காத்திருந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து கூடையோடு வந்து அடையாற்றுத் தெருக்களில் மீன் விற்பவள். பக்கத்தில் வாக்கரைப் பிடித்தபடி மயிலாப்பூர் கிச்சா மாமா. போன மாதம்தான் முட்டி மாற்றிக்கொண்டவர். வளைகாப்புக்காரர்கள் இருவரையும் தங்கள் விருந்தாளிகளாக நினைத்துப் புளியோதரை கொடுத்திருந்தார்கள். சொர்ணத்தின் கையில் புதுக் கண்ணாடி வளையல்களும் ஏறியிருந்தன.

தலைவர் மேலே கூப்பிடுகிறார் என்றான்.

"ஏன் நைனா, என்னால படி ஏற முடியாதுன்றத நான் படி ஏறி வந்து சொல்லணுமா?" என்றாள் சொர்ணம்.

"அதைத்தான் நானும் யோசிச்சிண்டிருக்கேன்," என்றார் கிச்சா மாமா. "இங்கேயே இருந்தா கருத்தே இல்லைம்பா. ஏறிட்டேனோ, அதான் ஏறிட்டேளே மாமா, அப்பறம் என்னம்பா."

ரயில் சாலையில் நின்றால் கூடையோடு ஏறிக்கொள்வேன் என்றும், மேலே நின்றால் அது தனக்கு ஏரோப்ளேன் மாதிரிதான், நின்று பார்க்கலாம் என்றும் சொர்ணம் சொல்லியனுப்பினாள். அவன் அதை மேலே கொண்டுபோய்ச் சொன்னான். கேட்டுச் சொல்லும் கருத்து செல்லாது என்றார் அசோகன். ஆனால் கீழ்மட்ட மக்களை ஒதுக்குபவர் அல்ல அவர். மைக்கோடு பால்கனிக்குப் போனார். வயர் போதவில்லை. வாயருகே கையைக் குவித்து, கருத்து என்ன என்று கத்திக் கேட்டார். கீழே அதே நேரம் நாகஸ்வரக்காரர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ஒண்ணியும் கேக்கல," என்று சொர்ணம் குரல் கொடுத்தாள். "நீ எறங்கி வா."

'கீழ்த்தளத்தில் இருந்தோரின் கருத்து தெளிவாக இல்லை' என்று பதிவாயிற்று.

பிறகு மூன்று மாடி ஏறி வந்தவர்களிடம், மூன்று மாடி உயரத்தில் ரயில் வந்தால் ஏறுவீர்களா என்று வாக்கெடுப்பு நடந்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. இப்படிப்பட்ட ஒருமனதை அசோகன் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

செந்தில்குமார் எழுந்து தன் ஒரு வரியைப் படித்தான். வெளியே இருக்கும் பாலத்தில் எஸ்கலேட்டர் நின்றுவிட்டால் மக்கள் கீழேதான் கடக்கிறார்கள் என்றான்.

"அந்தப் பாலத்தைப் பத்தித் தப்பாப் பேசாதேப்பா," என்றார் அசோகன். "திறந்த நாள்லேருந்து அது மேல ஒருத்தர்கூட அடிபட்டதில்ல."

"கீழ அடிபட்டவங்க சார்?"

"அது விதிமீறல். பாலத்தோட கணக்குல வராது."

"அவங்க பேரு நிஷா சார்."

அசோகன் மிகுந்த வருத்தத்தோடு, தனிப்பட்ட விஷயங்களை அறிக்கையில் சேர்ப்பது மரபல்ல என்றார். அந்த வரி நீக்கப்பட்டது. நிகழ்ச்சிக் குறிப்பைச் செந்தில்குமாரே எழுதட்டும், மனதுக்கு ஒரு மாறுதலாக இருக்கும் என்றும் முடிவாயிற்று. அடுத்தது சாப்பாடு.

சாப்பாடு கீழ்த்தளத்தில். குழு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. பாயசத்துக்குப் பிறகு, மதிய அமர்வுக்கு மறுபடி யார் ஏறுவது என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். தலைவரும் அதே மனநிலையில்தான் இருந்தார். மதிய அமர்வு ரத்தானது. மக்கள் கருத்து ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் இழப்பு ஒன்றும் இல்லை.

அசோகனின் கார் சாலைக்கு எதிர்ப்புறம் நின்றது. அவர் வாசலில் நின்று இருபுறமும் பார்த்தார். பஸ்கள் வந்துகொண்டே இருந்தன. செந்தில்குமார் ஒரு வருடமாக இந்தச் சாலைக்கு வந்ததில்லை. பத்தடி தள்ளிப் பாலம் இருந்தது. எஸ்கலேட்டரின் வாயில் கயிறு கட்டியிருந்தார்கள்.

"சார், பாலம் அங்க இருக்கு," என்றான்.

அசோகன் அண்ணாந்து பார்த்தார். தன் படைப்பை முதன்முதலாகப் பார்ப்பவர் போல, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுல யாருய்யா ஏறுவா? கையப் புடி."

செந்தில்குமார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினான். வந்த பஸ்ஸை நோக்கி இன்னொரு கையைக் காட்டினான். பஸ் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, வீட்ல சொல்லிட்டு வந்தியா என்று கேட்டார். சொல்வதற்கு வீட்டில் யாரும் இல்லை. இருவரும் எதிர்ப்புறம் போய்ச் சேர்ந்தார்கள். கார் கதவைச் சாத்தும்போது அசோகன், குறிப்பில் எதையும் விட்டுவிடாதே என்று சொன்னார்.

அவன் எதையும் விடவில்லை. வருகை, வாக்கெடுப்பு, பாலத்தின் மாசற்ற பாதுகாப்பு வரலாறு எல்லாவற்றையும் எழுதினான். கடைசியில் இதையும் சேர்த்தான்:

'நடைமேம்பாலத்தின் மேல் இன்றும் விபத்து ஏதும் இல்லை. அதன் கீழே இதுவரை விதிமீறியோராகக் குழுவுக்குத் தெரியவந்தவர்கள் இருவர். ஒருவர் நிஷா. மற்றவர் குழுத் தலைவர். தலைவர் பிழைத்துக்கொண்டார்.'