புறா விடாத மாப்பிள்ளை

பொண்ணு பார்க்கப் போகிறவனுக்கு அன்றைக்கு மட்டும் பாம்புச் செவி வந்துவிடும். மூளைக்கு லீவு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. திருவொற்றியூரில் ஒரு மாடி வீட்டு சோபாவில் வியர்த்து வழிந்தபடி நானே கண்டுபிடித்தேன்.

எல்லாம் தரகர் ஏழுமலையால் வந்த வினை. "பையனுக்கு சிகரெட் இல்ல, தண்ணி இல்ல. லீவு நாள்ல பறவை பாக்கப் போவாரு, அவ்ளோதான்" என்று பெண் வீட்டில் அளந்துவிட்டிருந்தார். உண்மையில் ஆபீஸ் நண்பர்களோடு ஒரே ஒரு தடவை எண்ணூர் கழிமுகத்துக்குப் போய், தூரத்தில் நின்ற பூநாரைகளைப் பார்த்திருக்கிறேன். (அவற்றையும் பக்கத்தில் நின்றவர்தான் காட்டினார்.) மற்றபடி எனக்குத் தெரிந்த பறவை காக்காய்.

ஆனால் இந்தச் சம்பந்தம் எனக்கு அமைந்தே ஆக வேண்டும். ஹேமாவின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முன் பார்த்த வீடுகளிலெல்லாம் "அப்புறம் சொல்றோம்" என்றார்கள். அந்த அப்புறம் வரவேயில்லை.

ஹேமாவின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மாவும் நானும் தரகரும் சரியாக உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்தார்.

"ஏம்பா, நீ பொறா வுடுவியா?"

எங்கள் பக்கத்தில் புறா விடுவது என்றால் பந்தயம். மொட்டை மாடியில் கூண்டு வைத்து, பெண்டாட்டி பிள்ளையை மறந்து, நாளெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் என்று பொருள்.

"எங்கூடப் பொறந்தவன் பொறா வுட்டே வூட்டை வித்தான். அதான் கேக்குறேன்."

"ஐயோ, நான் சும்மா பார்க்கறதோட சரிங்க."

"பாத்துட்டு?"

"பேர் சொல்லுவேன்."

"யாருக்கு?"

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. எனக்கு வலப்பக்கம் தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதுபோல், "குக்குரு... கூ... கூ" என்று. பெண் உள்ளே நின்று கேட்கிறாள் என்று புரிந்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். மீஞ்சூரில் வேலை என்றேன், சிரிப்பு. சம்பளத்தைச் சொன்னேன், இன்னும் நீளமான சிரிப்பு. (அந்தச் சம்பளத்துக்கு அது நியாயமான சிரிப்புதான்.) அம்மா "பையன் ரொம்ப சாதுங்க" என்றதற்கும் சிரிப்பு வந்தபோது சாது மிரண்டது.

"உங்க பொண்ணுக்கு என்னைப் பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடலாம். திரைக்குப் பின்னாடி நின்னு சிரிக்கிறது நல்லா இல்லீங்க!"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். இடப்பக்கம் இருந்த சமையலறையிலிருந்து பஜ்ஜித் தட்டோடு ஹேமா வந்தாள்.

"நான் சிரிக்கலையேங்க."

திரைக்குப் பின்னால் மறுபடியும் "குக்குரு... கூ... கூ". அவள் அப்பா எழுந்து திரையை இழுத்தார். அங்கே அறை ஏதும் இல்லை; வெறும் ஜன்னல். வெளியே ஏசி பெட்டியின் மேல் மைனா அளவில், நீள வாலோடு, தவிட்டு நிறத்தில் ஒரு குட்டிப் பறவை.

"பறவை பாக்கறவரே, இது இன்னா பறவை?"

விட்ட மானத்தைப் பிடிக்க இதுதான் சந்தர்ப்பம் என்று நினைத்தேன். "புள்ளிப்புறா" என்றேன், அடித்துச் சொல்வதுபோல.

"இல்லைங்க" என்று ஹேமா விரலை நீட்டினாள். "புள்ளிப்புறாவுக்குப் பின்கழுத்துல வெள்ளைப் புள்ளி இருக்கும். இதுக்கு முன்கழுத்துல கருப்பு கருப்பா கட்டம் பாருங்க. தலை லேசா ரோஸ். இது தவிட்டுப்புறா. காஞ்ச முள்ளுக்காட்டுல இருக்கிறது; இங்க பவர் ஹவுஸ் சாம்பல் மேட்டுப் பக்கமும் நிறைய கீது. அது கூவுறதே சிரிக்கிற மாதிரிதான் இருக்கும்."

நான் அந்தக் கட்டங்களையே வெறித்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது? கதை முடிந்தது, பஜ்ஜியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று தட்டில் கை வைத்தேன். அதற்குள் அவள் அப்பா தொடையில் தட்டிக்கொண்டு தரகரிடம் திரும்பினார்.

"யோவ் ஏழுமல, பொறா வுடறவன் கண்ணை மூடிக்கினே இன்னா பொறான்னு சொல்லுவான். இவரு மூஞ்சிக்கு நேரா குந்திக்கினு கீற பொறாவையே தப்பாச் சொல்றாரு! தகிரியமா பொண்ணு குடுக்கலாம்யா!"

வீடு திரும்பும் வழியில் அம்மா, "பொண்ணு எப்படிடா?" என்றாள். அப்போதுதான் உறைத்தது: பெண்ணிடம் நான் பார்த்தது புறாவைக் காட்டிய அந்த விரலை மட்டும்தான்.

இன்றைக்கும் கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் மாமனார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "எம் மாப்ள. பொண்ணைப் பாக்க வந்து, பொறாவைப் பாத்து, அதையும் தப்பாப் பாத்தவரு."