சேதமில்லாத எழுப்புதல்

அவிந்த பக்தியை மறுபடி மூட்டிவிடும் எழுப்புதல்கள் உலகத்தில் எத்தனையோ நடந்திருக்கின்றன. எழுப்புதல் வந்த இடங்களில் சிலர் வேலையை விட்டார்கள், சிலர் சொத்தை விட்டார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம், ஆடிக்காற்றில், போடிநாயக்கனூர் தேவாலயத்தில் நடந்ததுபோல, கலந்துகொண்ட ஊழியர் ஒருவருக்கும் யாதொரு சேதமும் இல்லாமல் நடந்த எழுப்புதல் சரித்திரத்தில் வேறு கிடையாது.

இந்தப் பெருமை, சபையார் ஐயர் என்று அழைக்கும் போதகர் மாசிலாமணியையே சேரும். சுற்றுவட்டாரத்துப் போதகர்களும் உபதேசியார்களும் அனல் குறைந்து போனார்கள் என்று அவருக்குக் கொஞ்ச காலமாகவே வருத்தம். தம்முடைய அனலும் அப்படித்தான் என்பதை அவர் அறிவார். பிரசங்கத்தின் நடுவே தமக்கே கொட்டாவி வந்துவிடுகிறது. ஆகவே மூன்று நாள் 'மறு அர்ப்பணிப்புக் கூட்டம்' கூட்டினார். சிறப்புப் பிரசங்கியாராக மதுரையிலிருந்து ஞானாபரணம் ஐயர் ரயிலில் வந்து இறங்கினார். அழவைப்பதில் அவருக்கு நிகரில்லை. கல்யாண வீட்டில் பேசினால்கூட மாப்பிள்ளை அழுதுவிடுவான்.

கூட்டத்தை உபவாசத்தோடு தொடங்குவது என்று முடிவாகி, அதற்கு ஓர் 'உபவாசக் கமிட்டி'யும் அமைந்தது. காலைப் பலகாரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம் முழுவதும் யாரும் எதையும் தொடக்கூடாது என்று கமிட்டி மிகக் கடுமையாகத் தீர்மானித்தது. ராசிங்காபுரம் உபதேசியார் பெத்துராஜ் மட்டும் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

"நடுவுல ஏலக்கா டீ குடிச்சா உபவாசம் முறிஞ்சிருமா, ஐயரே?"

ஞானாபரணம் கண்ணை மூடி யோசித்தார். "பால் உணவு. ஏலக்காய் மருந்து. நோயாளிக்கு மருந்து விலக்கல்ல."

"நம்ம நோயாளியா?"

"ஆத்தும நோயாளிகள். இல்லாவிட்டால் எதற்குக் கூடியிருக்கிறோம்?"

எல்லாரும் தங்கள் நோயை மனத்தாழ்மையோடு ஒப்புக்கொண்டார்கள். டீ வந்தது.

மூன்றாம் நாள் காலையில் அனல் உச்சத்துக்கு ஏறியது. ஞானாபரணம் குரலைத் தாழ்த்தி, "யார் போவான்?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கோயிலே அழுதது. "என்னை அனுப்பும் ஆண்டவரே! மலையானாலும் போறேன், வனமானாலும் போறேன்!" என்று ஆளாளுக்குக் கதறினார்கள். பெத்துராஜ் தரையில் விழுந்து புரண்டார். மாசிலாமணியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அது வேஷமில்லை. அவர் நிஜமாகவே அழுதார். இருபது வயதில் ஊழியத்துக்கு வந்த நாளில் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டதோ அப்படியே இன்றைக்கும் அடித்துக்கொண்டது. நான் செத்துப்போகவில்லை என்று அவருக்கு அத்தனை சந்தோஷம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வாசலில் ஒரு பெண் நின்றாள். மழைக்குக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் சோலையம்மாள். போன வருஷம் அவளுக்கும் அவள் புருஷன் சுருளிக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர் இதே மாசிலாமணிதான்.

"ஐயா, அவரு தவறிட்டாரு. காச்சலு. நேத்து அந்தியில."

"அடடா..."

"தோட்டத்து லைன் வீட்டுல சொந்தக்காரக ஒருத்தரும் கிட்ட வரல. வேதத்துல சேந்தவன ஒங்க ஐயரே வந்து பொதைக்கட்டும்ங்கிறாக. மழைக்குள்ள கெடக்காரு. ஏலக்கா மூடை எறக்க வந்த ஜீப்புலதான் வந்தேன். வெறும் வண்டியாத்தான் திரும்புது. வெரசா வந்தீகன்னா பொழுதுக்குள்ள அடக்கம் பண்ணிரலாம்."

ஞானஸ்நானம் எடுத்த அன்று சுருளி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "நான் செத்தா எங்க சனம் வராது, ஐயா. நீங்க வருவீகளா?" மாசிலாமணி அவன் தோளைத் தட்டி, "நான் இருக்கேம்ப்பா" என்று சொல்லியிருந்தார்.

விஷயம் கூட்டத்தின் முன் வைக்கப்பட்டது.

"இது சோதனை" என்றார் ஞானாபரணம் கம்பீரமாக. "எழுப்புதல் உச்சத்தில் இருக்கும்போது சாத்தான் இப்படித்தான் சாவு அனுப்புவான்."

மாசிலாமணி பெத்துராஜைப் பார்த்தார். "உபதேசியாரே, நீங்களாச்சும் ஒரு எட்டு..."

"கொண்டை ஊசி வளைவுல எனக்குத் தலை சுத்துமே, ஐயரே. போதாக்குறைக்கு அட்டைக்கடி வேற."

"மலையானாலும் போறேன்னு இப்பத்தான தரையில பெரண்டீக?"

"அது ஆவிக்குரிய மலையில்லயா?"

இவ்வளவு நுட்பமான வேத விளக்கத்துக்குப் பின் விவாதத்துக்கு இடமில்லை. 'மறைந்த சகோதரன் சுருளியின் பிரிவுக்கு இக்கூட்டம் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவிக்கிறது' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லாரும் எழுந்து நின்று மௌனம் அனுசரித்தார்கள். சோலையம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாயி, ஒன் புருஷனுக்காக இம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னோம்" என்றார் பெத்துராஜ் ஆறுதலாக.

"எந்திரிச்சது எந்திரிச்சீக, அப்படியே ஒரு ஆளு நடந்து வந்தீகன்னா ஆகும்" என்றாள் அவள்.

மாசிலாமணி விறுவிறுவென்று போய் மூலையில் இருந்த குடையை எடுத்தார். ஞானாபரணம் அவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மாலையில் பேராயர் வருகிறார். முதல் சாட்சி உம்முடையது. எழுப்புதல் புறப்பட்ட சபையின் போதகரே இல்லையென்றால் எப்படி?"

குடை கையில் அப்படியே நின்றது. மாசிலாமணி அதைச் சோலையம்மாளிடம் நீட்டினார். "நனையாமப் போ தாயி. நாங்க இங்கேருந்தே ஜெபம் பண்றோம்."

"மேல அடிக்கிற காத்துக்குக் கொடை நிக்காதுய்யா" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

தடைபட்ட அர்ப்பணிப்பு மீண்டும் தொடங்கியது. குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? முன்னைவிடப் பலமாகவே, "அனுப்பும், என்னை அனுப்பும்!" என்று கூரை அதிர்ந்தது. அந்த நேரத்தில் ஜீப்பு டிரைவர் பிச்சைமணி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான். பளியன் கோயிலும் மாரியம்மன் கோயிலும்தான் அவனுக்குப் பழக்கம். இந்தக் கோயிலில் காலடி வைத்ததில்லை.

"சாமி, வெளிய நின்னு ரொம்ப நேரமாக் கேக்குறேன். அம்புட்டுப் பேரும் அனுப்பு அனுப்புன்னு கெடந்து கதறுறீக. யாரு மறிக்கிறா? வண்டி வாசல்லதான் நிக்கிது. எடமும் கெடக்கு."

காற்றில் ஜன்னல் கதவு ஒன்று அடித்துக்கொண்டது. ஞானாபரணம்தான் முதலில் சுதாரித்தார்.

"தம்பி, ஜெப நேரத்தில் குறுக்கே வரக்கூடாது."

பிச்சைமணி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான். "ஏறு ஆத்தா. குழி நான் வெட்டுறேன்" என்று அவன் வெளியே சொன்னது மாசிலாமணிக்குத் தெளிவாகக் கேட்டது.

மாலையில் பேராயர் வந்தார். கோயில் நிரம்பி வழிந்தது. மாசிலாமணி முதலாவதாக எழுந்து, தழுதழுத்த குரலில் சாட்சி சொன்னார்: "பிரியமானவர்களே, இன்று கர்த்தர் என்னைக் கூப்பிட்டார். அந்தச் சத்தத்தை என் இரண்டு காதாலும் கேட்டேன்."

பேராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதகர் பொய் சாட்சி சொன்னார் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்க முடியாது. காலையில் வண்டியை எடுக்குமுன் பிச்சைமணி, யாராவது மனம் மாறி வருவார்களோ என்று, கோயில் வாசலைப் பார்த்து நெடுநேரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.