பேய்க்கு வைத்த நேர்த்தி

வாழி முனியாண்டி. மலேசிய மண் ஈன்ற மாசறு மாமணியே, படிக்க வந்த லண்டனில் இருபதாண்டாய் மாதச் சம்பளத்துக்கு உழைத்தும் சலியாத செம்மலே, பேருந்தில் தன் காலை மிதித்தவனிடம் தானே முந்திக்கொண்டு சாரி சொன்ன சான்றோனே, நின் புகழ் பாடப் புகுந்தோம். பிளேஸ்டோத் தெருவின் ஜன்னல் திரைகளே, வழக்கம்போல் ஓரமாய் விலகி எமக்கு வழிவிடுவீர்.

பிறேமினி வீட்டு மேசையில் ஞாயிறுதோறும் நடக்கும் கற்பனைப் போரை அறியாதார் அத்தெருவில் இலர். தாளில் ஆளை எழுதி, பகடையில் விதியை உருட்டி, பிறேமினி சொல்லும் கதைக்குள் புகுந்து அரக்கரைக் கொல்லும் அவ்வாட்டத்தில், நம் வீரன் முன்பு துறவியாய் அவதரித்து, அடிபட்டுக் கிடந்த அரக்கனுக்குத் தண்ணீர் புகட்டக் குனிந்த வேளையில் அதே அரக்கனால் கழுத்தறுபட்டு மாண்டான். மாண்டவன் சும்மா இருப்பானேன் என்று, படையின் மூட்டை சுமக்கும் கழுதை வேடம் அவன் தலையில் கட்டப்பட்டது. காப்புறுதி நிறுவனத்தில் எட்டுப் பேருக்கு மேலாளர். இங்கே ஐந்து ஞாயிறாய்க் கழுதை. போதாக்குறைக்கு, பஸ் ஓட்டும் றமணன் கோடரி வீரனாய் எதிரே வீற்றிருந்து, "அண்ணை, கழுதைக்குக் களைச்சுப் போச்சோ?" என்று வாரம் தவறாமல் விசாரித்தான்.

இந்நிலையில் பிறேமினி முரசறைந்தாள்: "இண்டைக்கு ஒழுங்கான ஆள் ஒண்டு எழுதித் தாங்கோ அண்ணை. இல்லாட்டிக் கழுதை நிரந்தரம்."

அலுவலக டையைக்கூடத் தளர்த்தாமல் வந்திறங்கியிருந்த முனியாண்டி, கொலைவேல் பற்றும் குமரவேள் போலப் பென்சிலைப் பற்றினான். வார்லாக் ஆவதென்று முடிவு கட்டினான். அதாவது, பேயோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெறும் சூனியக்காரன். ஆனால் நல்ல மனமுள்ள சூனியக்காரன். பேயிடம் வாங்கி ஊருக்கு நன்மை செய்பவன். பெயர் எழுதினான், உயரம் எழுதினான், அங்கியின் நிறம்கூட எழுதினான். அப்புறம் வந்தது அந்த ஒற்றை வரி, கடக்கவொண்ணாக் கருங்கடல்: 'மந்திரத்துக்கு ஈடாகப் பேய்க்கு நீ கொடுத்தது என்ன?'

'உயிர்' என்று எழுதினான். அம்மா கேள்விப்பட்டால் என்ன ஆகும் என்று அழித்தான். 'ஒரு கண்' என்று எழுதினான். மூக்குக்கண்ணாடி போன மாதம்தான் மாற்றியது என்று அழித்தான். 'பிறர் உயிர்' என்று எழுதத் தொடங்கி, பாதியில் அந்தத் தாளிடமே சாரி சொன்னான். பட்டுப்போன யானைப்படை போல ரப்பர்த் துகள்கள் மேசையெங்கும் சிதறிக் கிடந்தன.

அப்போது உதித்தது, கோயில் வாசல்களில் வளர்ந்தவனுக்கே உதிக்கும் ஓர் உத்தி. பேயும் ஒரு மேலிடம்தானே. மேலிடத்தில் காரியம் ஆக வேண்டுமென்றால் நாம் நேர்ந்துகொள்வதில்லையா? எழுதினான்: 'வெள்ளிக்கிழமைகளில் நான் அசைவம் சாப்பிட மாட்டேன். இப்படிக்கு, முனியாண்டி.'

ஏன் வெள்ளி என்று கேட்பீர்கள். ஆட்டம் ஞாயிறு, ஞாயிறுதோறும் றமணன் மட்டன் ரோல்ஸ் வாங்கி வருவான், பொன்மேனி மொறுமொறுக்க, உள்ளே மிளகும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் உறவாடும் அந்த ரோல்ஸுக்காகவே நம் வீரன் கழுதையாகவும் இருந்து பார்த்தவன். நல்ல மனத்துக்குள்ளும் அந்த அளவு சாமர்த்தியம் இருக்கத்தானே செய்யும்.

பிறேமினி தாளை இருமுறை வாசித்தாள். "பேய்க்கு நேர்த்தி வைச்ச ஆளை இப்பதான் பாக்கிறன். ஓம், சரி."

கழுதைப் பிறவி கழன்றது. விண்ணோர் பூமாரி பெய்ய நினைத்த அக்கணம் கதவு திறந்தது. எண்ணெய் ஊறிய காகிதப் பையோடு றமணன் தோன்றினான்.

"என்ர ஷிப்ட் மாறினபடியாலதானே இந்தக் கிழமை மட்டும் ஆட்டத்தை வெள்ளிக்கு வைச்சனாங்கள். சுடச்சுட வாங்கியந்தனான், எடுங்கோ."

நீண்டது முனியாண்டியின் கை. இடைமறித்தது பிறேமினியின் குரல். "அண்ணை, இண்டைக்கு வெள்ளி."

"அது சூனியக்காரனுக்குலா. எனக்கு இல்ல."

"'நான்' எண்டு எழுதிப் பேரும் போட்டிருக்கிறியள். சாப்பிடுங்கோ, ஆர் மறிச்சது? ஆனா பேய்க்குக் குடுத்த வாக்கையே மீறினவன் நல்ல மனசுக்காரன் இல்லை. திரும்பக் கழுதைதான்."

"கழுதையெண்டா ரெண்டு தாறன், அண்ணை" என்றான் றமணன்.

இருபெரும் சேனைக்கு நடுவே திகைத்து நின்ற தேர் போல, தட்டுக்கு ஒரு சாண் மேலே அந்தக் கை அசையாது நின்றது. ஒருபுறம் ஐந்து ஞாயிறு சுமந்த மூட்டைகளும் றமணனின் விசாரிப்புகளும், மறுபுறம் விண்ணளக்கும் மிளகு மணமும் மாறி மாறி இழுக்க, நாவூற்று நதியாய்ப் பெருக, நெற்றியில் வியர்வை முத்துக் கோக்க, கடைசியில் அறத்தின் பக்கமே சாய்ந்து, விரல் விரலாய் மடிந்து, வீரத் தழும்பேதும் இன்றி அந்தக் கை மடிக்குத் திரும்பியது.

முனியாண்டி தேநீரில் பிஸ்கட் தோய்த்துச் சாப்பிட்டான்.