யானை இல்லாத கட்டம்

யானைகள் எங்கே இருக்க வேண்டும் என்பதை யானைகளுக்கே தீர்மானித்துக் கொடுத்த பெருமை, உலகத்திலேயே எங்கள் லுவாங்வா பள்ளத்தாக்கின் ‘விலங்குப் பரவல் மதிப்பீட்டு அலுவலக’த்தைத்தான் சேரும். அதன் வாசலில் காவல்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

நிதி மழைக்காலத்தில் வந்ததால் கணக்கெடுப்பும் மழைக்காலத்தில் நடந்தது. ஜீப் சேற்றில் இறங்காது. ஆகவே தார்ச்சாலை ஓரமாகவே யானைச் சாணத்தை எண்ணினார்கள். ஜீப் போகாத ஊர்களுக்கெல்லாம் எங்கள் தலைவர் டாக்டர் கபாசோ கணினியில் பூஜ்யம் போட்டார். ‘யானைகளுக்குத் தார்ச்சாலை மேல் தனிப் பிரியம்’ என்ற அரிய உண்மை வெளிப்பட்டது. வரைபடத்தில் தார்ச்சாலை ஓரத்துச் சுற்றுலா விடுதி இருந்த கட்டம், யானை அதிகம் என்று சிவந்திருந்தது. சேற்றுக்கு அப்பால் கசெங்கா ஊர் பால்போல் வெளுத்திருந்தது. சிவந்த கட்டத்துக்குத்தான் வனக்காவலர்களை அனுப்புவார்கள்.

அந்த வெள்ளைக் கட்டத்தில்தான் எஸ்னாத் ம்வாலேயின் மக்காச்சோளம் நின்றது. பாதியை யானைகள் தின்றுவிட்டன. மீதியை அறுக்கிற வரைக்குமாவது இரண்டு காவலர் வேண்டும் என்று கேட்க வந்தாள். நம்பமாட்டார்களோ என்று ஒரு பேசின் நிறையச் சாணமும் கொண்டுவந்தாள்.

டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். “உங்க ஊர்ல யானையே இல்லயேம்மா.”

“அப்ப சோளத்தைத் தின்னது யாரு, எம் மாமியாரா? அவங்களுக்குப் பல்லே கிடையாது.”

டாக்டர் கோபப்படவில்லை. அறிவியலுக்குக் கோபம் கிடையாது. “பூஜ்யம்னா சுத்தமா பூஜ்யம் இல்லம்மா. கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்.”

“அந்த முன்னப் பின்னதான் ஐயா, குட்டியோட வந்து நிக்குது.”

பேசினை என்ன செய்வது என்று அவசரக் கூட்டம் கூடியது. சாணத்தை எங்கே பார்த்தார்களோ அங்கேதான் பதிய வேண்டும் என்பது விதி. அலுவலர்கள் அதைப் பார்த்தது டாக்டரின் மேசையில். அப்படியே பதிந்தார்கள். கணினி மறுபடி ஓடியது. பள்ளத்தாக்கிலேயே யானைகள் மிக நெருக்கமாக வாழும் இடம் எங்கள் அலுவலகம் என்று தெரியவந்தது. அன்று மாலையே காவலர்கள் துப்பாக்கியோடு வந்து டாக்டரின் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

எஸ்னாத் காலிப் பேசினோடு திரும்பினாள். மீதிச் சோளமும் அந்த வாரமே போயிற்று. ந்ஷிமாக் களி கிண்டச் சோளமாவில்லாத ஊரில் எத்தனை நாள் இருப்பது? அவளும் அக்கம்பக்கத்தாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள்.

அடுத்த ஆண்டு சேறு காய்ந்ததும் டாக்டர் முதன்முறையாகக் கசெங்காவைப் பார்க்கப் போனார். மனிதர் இல்லை, சோளம் இல்லை, ஆகவே யானையும் இல்லை.

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார்.

உண்மைதான். வரைபடத்தில் ஒரு பிழையும் இல்லை. அதற்குத் தக்கபடி காலியாவதற்கு ஊர்தான் ஓராண்டு தாமதித்துவிட்டது.