பிச்சுமணியின் பிரெஞ்சு மானம்

கரமனை அக்ரகாரத்துப் பிச்சுமணி மகளோடு பேசி இரண்டு வருஷம் ஆயிற்று. வேலைக்குப் பிரான்ஸ் போன ராஜஸ்ரீ, மத்தியூ என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தெருவில் பலர் கோட்டயத்துக் கிறிஸ்தவன் மாத்யூவாக்கும் என்று நினைத்துத் துக்கம் விசாரித்தார்கள். பிரெஞ்சுக்காரன் என்றதும் இன்னொரு தடவை வந்து விசாரித்தார்கள்.

வீட்டில் சிரிப்பு நின்றுபோனது. ஜூன் மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், மத்தியூவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஓணத்துக்கு இரண்டு பேரும் வரலாமா என்று கேட்டிருந்தான்.

அவன் பாஷையிலேயே அவனுக்கு அறை விடுவது என்று பிச்சுமணி தீர்மானித்தார். மனைவி சூடாமணி மொபைலில் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தாள். பொழுதுபோக்கு என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"சூடா, எனக்கு மானம் இருக்குங்கறதைப் பிரெஞ்சுல எப்படிச் சொல்றது?"

"யாருக்கு?"

"உன் மாப்பிள்ளைக்கு!"

அவள் மொபைலில் ஒரு வரி தட்டிக் காட்டினாள். 'ஜ ஸுயி ஃபியெர் த வூ.'

"இதுல மானம் எது?"

"ஃபியெர்."

பிச்சுமணி செக்ரட்டேரியட்டில் முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவர். சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஃபியெரை அகராதியில் தேடினார். 'தன்மானமுள்ள, கர்வமுள்ள.' திருப்தியோடு அனுப்பினார்.

பத்து நிமிஷத்தில் ராஜஸ்ரீ கூப்பிட்டாள். ஒரே அழுகை.

"அப்பா... எங்களை நெனச்சுப் பெருமைப்படறேன்னு எழுதியிருக்கேளே! மத்தியூ அதை எல்லாருக்கும் காட்டிண்டிருக்கான்."

தப்பாகப் போய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு! கொஞ்சம் கட்டைக்குரலாக ஆகியிருந்தது. அங்கே குளிரோ என்னவோ.

"ஓணத்துக்கு... வாங்கோ," என்றார். போனை வைத்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார்.

"என்னை ஏமாத்திட்டயே!"

"எங்க ஏமாத்தினேன்? நீங்க பார்த்த அர்த்தம் சரிதான். பக்கத்துல 'த வூ'ன்னு ரெண்டு குட்டி வார்த்தை நின்னுதே, அதைப் பார்த்தேளா? அது சேர்ந்தா 'உங்களை நெனச்சு'ன்னு ஆயிடும்."

"அப்போ ரெண்டு வருஷமா நான் கட்டிக்காத்த மானம்?"

"அதுக்குப் பிரெஞ்சுல வேற வார்த்தை. ஓர்கேய், வறட்டு கர்வம். அந்த வார்த்தை ஆண்பாலாக்கும்."